தளவாயின் பன்னிரண்டு நாள் விடுப்பு

ஆனைக்கண்ணூர் லைன்மேன் தளவாய் இருபத்தேழு வருட வேலையில் முதல்முறையாகப் பன்னிரண்டு நாள் விடுப்பு எடுத்த திங்கட்கிழமை காலை, அவருடைய அலுப்பு அவர் உடம்பை விட்டு இறங்கி, வாசல் நடையைத் தாண்டி, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே மெதுவாக நடந்துபோய், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நாற்பத்தேழாம் எண் மின்கம்பத்தின் அடியில் படுத்துக்கொண்டது. எருமைக் கன்று அளவு இருந்தது. நனைந்த சாம்பலின் நிறம். முகம் இல்லை, வால் இல்லை. கால்கள் இருந்தனவா என்பதைப் பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூச்சு மட்டும் விட்டது. குழாயடியில் நின்றவர்கள் குடத்தை நகர்த்தி வழிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் "யாரு வீட்டுதுட்டீ இது?" என்று கேட்டாள், "லைன்மேன் வீட்டுது" என்று இன்னொருத்தி சொன்னாள், அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை, ஏனென்றால் குழாயில் தண்ணீர் நிற்க இன்னும் கால்மணி நேரம்தான் இருந்தது.

விடுப்பு அவராகக் கேட்டதல்ல. அதற்கு முந்தைய வாரம் ரைஸ்மில் தெருக் கம்பத்தின் உச்சியில், இடுப்புக் கயிற்றில் சாய்ந்தபடியே முக்கால் மணி நேரம் தூங்கிவிட்டார். கீழே நின்றவர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பிறகு செத்துவிட்டாரோ என்று பயந்தார்கள், பிறகு குறட்டை கேட்டதும் சிரித்தார்கள், அதற்குள் ஒருவர் அதைப் படம்பிடித்து அனுப்பி, அது சுற்றிச் சுற்றி ஜே.இ.யின் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. ஜே.இ., அதாவது மின்வாரிய ஜூனியர் இன்ஜினியர், சின்ன வயதுக்காரர். அப்போதுதான் சென்னையில் இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்திருந்தார். தளவாயைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வகுப்பில் கொடுத்த நோட்டு ஒன்றை நீட்டினார்.

"ரெஸ்ட் எடுங்க அண்ணாச்சி. ரிட்டயர் ஆக இன்னும் ஆறு வருசம் இருக்கு. அதுல என்னென்ன செய்யணும்னு இதுல எழுதிட்டு வாங்க. மனுசனுக்குக் குறிக்கோள்னு ஒண்ணு வேணும்லா."

நோட்டின் அட்டையில் மலை உச்சியில் ஒருவன் கைகளை விரித்துக்கொண்டு நின்றான்.

"கம்பத்து மேல நின்னாலும் இப்படித்தான் சார் காத்தடிக்கும்" என்றார் தளவாய். "கையை மட்டும் விரிக்க முடியாது."

விடுப்பின் முதல் நாள் காலையில் என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் துணை மின்நிலையத்துக்குப் போன் போட்டார். ஆபரேட்டர் செபஸ்தி எடுத்தான்.

"செபஸ்தி, ஒரு எல்.சி. போடுப்பா."

"லீவுல என்ன அண்ணாச்சி எல்.சி.? எந்த லைனுக்கு?"

"தளவாய் லைனுக்கு."

எல்.சி. என்பது லைன் கிளியர். கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் லைன்மேன் அதைக் கேட்க வேண்டும், ஆபரேட்டர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதி ஒரு எண் கொடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் அந்த எண்ணைச் சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதன்பிறகே ஆபரேட்டர் மறுபடி மின்சாரத்தை விடுவார். எடுத்தவர்தான் திருப்ப முடியும். அவர் மேலதிகாரியானாலும் பெண்டாட்டியானாலும் வேறொருவர் திருப்பக் கூடாது. திருப்புவதற்கு முன்னால் மேலே ஏறிய ஆட்களைத் தலை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கை லைனில் இருக்கும்போது திருப்பினால் அந்தக் கை அவ்வளவுதான். ஆனைக்கண்ணூரில் கரண்டு வந்த நாளிலிருந்து இதுதான் முறை.

செபஸ்தி சிரித்துக்கொண்டே பதிவேட்டைத் திறந்து நீல மையில் தளவாய் லைன் என்று எழுதினான். "என்ன வேலைன்னு போட?"

"ஓய்வுன்னு போடு."

"நம்பர் நூத்திப் பதினெட்டு அண்ணாச்சி" என்றான் செபஸ்தி. அவன் போனை வைத்த அந்தக் கணத்தில்தான் அலுப்பு இறங்கியது.

முதல் இரண்டு நாள் ஊர் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தது. கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இது கால்நடைக் கணக்கில் வராது என்று போய்விட்டார். பேரூராட்சியிலிருந்து வந்தவர் அது போக்குவரத்துக்கு இடைஞ்சலாக இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் பகல், பஸ்ஸுக்கு நின்ற பீடி சுற்றும் பெண் ஒருத்தி, நிழலாக இருக்கிறதே என்று அதன் பக்கத்தில் உட்கார்ந்து, தெரியாத்தனமாக முதுகைச் சாய்த்துவிட்டாள். பஸ் வந்தபோது அவள் எழுந்த விதத்தைப் பார்த்தவர்கள், பதினாறு வயதில் அவள் எப்படி எழுந்திருப்பாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். அவள் முதுகில் இருந்த அலுப்பு அந்தச் சாம்பல் உடம்புக்குள் போய்விட்டது. அது ஒரு முழம் பெருத்திருந்தது.

பிறகு கூட்டம். செங்கல் சுமப்பவர்கள் வந்தார்கள், கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள், தூத்துக்குடி பஸ்ஸின் டிரைவர் பயணிகளை உள்ளேயே உட்காரவைத்துவிட்டு இறங்கிவந்து ஐந்து நிமிடம் சாய்ந்துவிட்டுப் போனார். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று கயிறு கட்டினார்கள். எதிர்த்த டீக்கடைக்காரர் பெஞ்சு போட்டார். கொஞ்ச நாளில் டீ விற்பனை படுத்துவிட்டது, அலுப்பில்லாதவனுக்கு டீ எதற்கு. ஆனாலும் பெஞ்சை அவர் எடுக்கவில்லை, அவரும் சாயவேண்டியிருந்தது. ஆறாம் நாள் அது யானை அளவு இருந்தது. எட்டாம் நாள் கோயில் தேருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எது உயரம் என்று பந்தயம் கட்டலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

எட்டாம் நாளிலேயே இன்னொன்றும் நடந்தது. பெண்கள் அலுக்காமல் பீடி சுற்றுவதைக் கவனித்த பீடிக்கடைக் கணக்கப்பிள்ளை, ஆயிரம் பீடிக்குப் பதில் ஆயிரத்தைந்நூறுக்கு இலை போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். ரைஸ்மில்லில் மதியச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் காலை ஆறு மணிக்கு ஒரு சிறப்பு வகுப்பு, மாலை ஏழுக்கு ஒன்று. "அலுத்துப் போச்சுன்னு சொல்லித்தான தட்டக் கீழ வச்சிட்டு எந்திரிப்போம்" என்றாள் முதலில் சாய்ந்த அதே பெண், "இப்பம் என்னத்தச் சொல்லி எந்திரிக்க?" அதே நாளில் வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் தளவாயின் விடுப்பை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கக் கோரி ஜே.இ.யிடம் மனுக் கொடுத்தார்கள். கரண்டு போன ஐந்தாம் நிமிடம் தளவாய்க்கு முதலில் போன் போடுகிறவர்களும் அவர்கள்தான்.

இதையெல்லாம் தளவாய் வீட்டுக்குள்ளிருந்து கேட்டார். அவர் நன்றாகத் தூங்கினார், நன்றாகச் சாப்பிட்டார், மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார், காலையில் குளித்துத் திருநீறு பூசி நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்று என்று எண் போட்டார். அதற்குப் பக்கத்தில் எழுத எதுவும் வரவில்லை. அவர் மனைவி ஆவுடையம்மாள் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள்.

"காசிக்குப் போணும்னு எழுதுங்களேன்."

"போணும்னு தோணணும்லா."

"மாடியில ஒரு ரூம் கட்டணும்னு எழுதுங்க."

"நீ போய்ச் சாஞ்சிட்டு வா, போ. ஊரே போவுது."

"நான் சாஞ்சிட்டு வந்தா ஒங்களுக்கு உல வைக்கிறது யாரு? எனக்கு எந்த சப்-ஸ்டேஷன்ல எல்.சி. தாராவ?" என்று சொல்லிவிட்டு ஆவுடை அடுப்படிக்குப் போனாள். பன்னிரண்டு நாளும் அவள் அந்தக் கம்பத்துப் பக்கம் போகவில்லை.

ஐந்தாம் நாளிலேயே தளவாய்க்கு ஒன்று தென்பட ஆரம்பித்திருந்தது. அலுப்பு இருந்த இடம் காலியாகிவிட்டதால், அது இத்தனை காலம் எதன்மேல் படுத்துக்கிடந்தது என்று தெரிந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒரு காற்று மழைக்கு அடுத்த நாள், இதே நாற்பத்தேழாம் கம்பத்தில் வேலை. மூன்று பேர் ஏறியிருந்தார்கள், அதில் ஒருவன் சப்பாணிமுத்து. மறுநாள் பிள்ளைகளுக்குப் பரீட்சை. எப்பம் வரும், எப்பம் வரும் என்று ஊரே போன் போட்டுக்கொண்டிருந்தது, சிலர் நேரில் வந்தே ஏசினார்கள், மாலை ஆறு நாற்பதுக்குத் தளவாய் செபஸ்திக்குப் போன் போட்டு, "எல்லாரும் எறங்கியாச்சு, எண்ணிட்டேன்" என்று எல்.சி.யைத் திருப்பினார். அவர் எண்ணவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு போன வேறு யாரோ ஒருவனின் முதுகைச் சப்பாணிமுத்துவின் முதுகு என்று நினைத்துக்கொண்டார். சப்பாணிமுத்து மேலே இருந்தான்.

விசாரணையில் தளவாய், எல்லாரும் இறங்கிய பிறகு சப்பாணிமுத்து மறந்துவிட்டுவந்த கட்டிங் பிளேயரை எடுக்க யாரிடமும் சொல்லாமல் மறுபடியும் ஏறினான் என்று எழுதிக் கொடுத்தார். அது கோப்பில் ஏறியது. கோப்பிலிருந்து ஊருக்குள் இறங்கியது. ஒரு பிளேயருக்காக உயிரைவிட்டவன் என்று ஊர் அவனுக்குப் பெயர் வைத்தது. மறதிக்காரப் பிள்ளைகளை அதட்டுவதற்கும் அந்தப் பெயர் உதவியது. அவன் மனைவி இசக்கியம்மாள் பிளேயர்காரன் பொண்டாட்டி ஆனாள். அன்றிலிருந்து எந்தக் கம்பத்திலும் வேறு யாரையும் ஏறவிடாமல் தளவாயே ஏறினார், அதைக் கடமையுணர்வு என்று ஊர் சொன்னது, ஒரு சுதந்திர தினத்தில் சான்றிதழும் கொடுத்தார்கள்.

ஒன்பதாம் நாள் அவர் நோட்டில் எழுதினார். 1. இசக்கியிடம் சொல்ல வேண்டும். இரண்டு என்று எண் போட்டு, பிறகு அதை அடித்துவிட்டார். ஆவுடை ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அதை வாசித்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. பதினோரு வருடம் ஒருவன் தூக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணி, மூன்று சொல்லாமல் எழுந்து உட்கார்ந்தால் பக்கத்தில் படுத்திருப்பவளுக்குத் தெரியாமலா இருக்கும்.

"எழுதுனா ஆச்சா?" என்றாள்.

பதினோராம் நாள் மாலை நாலு மணிக்குத் தளவாய் கம்பத்தடிக்கு வந்தார். இசக்கியம்மாள் பெண்கள் பக்கத்தில், அதன் விலாவில் சாய்ந்து, மடியில் பீடித்தட்டை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். எட்டு நாளாகத் தினமும் வருகிறவள் அவள். மற்றவர்கள் ஒருமுறை சாய்ந்ததும் அவர்களிடம் இருந்தது தீர்ந்துவிட்டது. அவளிடமிருந்து போய்க்கொண்டே இருந்தது.

"என்ன அண்ணாச்சி, நீங்களே சாய வந்துட்டியளா?" என்றாள். "ஒங்க சரக்குதானே இது." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தளவாய் மண்ணில் உட்கார்ந்தார்.

"இசக்கி, சப்பாணி மறுபடி ஏறல."

"என்னது?"

"பிளேயர எடுக்க ஏறலம்மா. அவன் எறங்கவே இல்ல. நான் எண்ணல. எண்ணாமத் திருப்பிட்டேன்."

பீடியில் சுற்றிக்கொண்டிருந்த நூல் அவள் விரலிலேயே நின்றது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் தட்டைப் பார்த்துக் குனிந்தார்கள்.

"அப்பம் பிளேயரு?"

"அவன் கையிலதான் இருந்துது. வேல செஞ்சிட்டிருந்தான்."

அவள் அழவில்லை. கடையில் விலை சொல்கிற குரலில் பேசினாள்.

"வெளக்கு ஏத்துறப்பல்லாம் அவிய படத்தப் பாத்து ஏசுவேன் அண்ணாச்சி. ஒரு இரும்புத் துண்டுக்காக எங்கள விட்டுட்டுப் போனியளே, புத்தி கெட்ட மனுசான்னு. தெனமும். பதினோரு வருசம். ஒருநா பூப் போட்டதில்ல. அந்தப் பிளேயரக் கொண்டாந்து குடுத்தாவ, கெணத்துல தூக்கிப் போட்டேன்." தட்டை எடுத்துக் கீழே வைத்தாள். "அவிய எனக்காவ எறங்கி வரத்தான் இருந்தாவ. அப்படித்தானே?"

தளவாய் தலையாட்டினார். அவள் அவரைப் பார்க்காமல் திரும்பி, வலது உள்ளங்கையை அந்தச் சாம்பல் உடம்பில் அழுத்தி வைத்தாள்.

மறுநாள் விடுப்பின் கடைசி நாள். மாலைக்குள் எல்.சி. திருப்பப்பட வேண்டும் என்று ஜே.இ. தண்டோரா போடாத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பீடிப் பெண்கள் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள். மில்காரர்கள் விலகினார்கள். வியாபாரிகள் முணுமுணுத்துக்கொண்டே விலகினார்கள். கயிறு அவிழ்க்கப்பட்டது. தேர் அளவு கிடந்த அதன்மேல் கடைசியில் ஒரே ஒரு கை இருந்தது.

"பிடிச்சு இந்தப் பக்கம் இழுங்கப்பா அந்தப் பொம்பளைய" என்றார் ஒரு வியாபாரி.

"லைன்ல இருக்க ஆள யாரும் தொடக் கூடாது" என்றார் தளவாய். "அவுகளா எறங்கணும்."

"எவ்வளவு நேரம்வே காத்திருப்பீரு?"

"எறங்குற வரைக்கும்."

அவர் காத்திருந்தார். விடுப்பு முடிந்து ஒரு நாள் ஆனது. பொட்டல்காட்டுப் பக்கம் ஒரு கம்பி அறுந்து, தளவாயின் போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மண்ணில் கவிழ்த்து வைத்தார், வேறு இருவர் போய்க் கம்பியை இழுத்துக் கட்டினார்கள். இரண்டாம் நாள் ஜே.இ. மெமோ கொண்டுவந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஆவுடை மூன்று வேளையும் இரண்டு பேருக்குச் சோறு கொண்டுவந்தாள், இசக்கியின் கை எடுக்க முடியாத இடத்தில் இருந்ததால் அவளே பிசைந்து ஊட்டினாள், இசக்கி வாயைத் திறந்தாள். தளவாய் மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அவர் மூன்று நாள் இருந்தார், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பொழுது சாய்கிறபோது இசக்கி கையை எடுத்தாள். உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். தளவாயிடம் நடந்து வந்து, லைனில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"ஆள் எறங்கியாச்சு."

தளவாய் செபஸ்திக்குப் போன் போட்டார். "நூத்திப் பதினெட்டு, திருப்புதேன்."

பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த லைனுக்குக் கரண்டு விட விசையை அழுத்தியவன் செபஸ்திதான். ஊரில் நடந்ததெல்லாம் அவன் காதுக்கும் போயிருந்தது.

"எண்ணிட்டியளா அண்ணாச்சி?"

தளவாய் போனைக் காதிலிருந்து எடுத்தார். கம்பத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு தலையை நிமிர்த்தி உச்சியைப் பார்த்தார். மேலே யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள அவருக்கு வெகுநேரம் ஆனது.

"எண்ணிட்டேன்" என்றார். செபஸ்தி பதிவேட்டில் ஆறு நாற்பது என்று எழுதினான்.

அது எழுந்திருக்கவில்லை, நடக்கவில்லை. மூச்சு விட்டது, அடுத்த மூச்சு விடும்போது அங்கே இல்லை. ஆனைக்கண்ணூரில் அவரவர் அலுப்பு அவரவருக்குத் திரும்பியது. பஸ்ஸில் நின்றவர்கள் படியில் உட்கார்ந்தார்கள், குடத்தோடு போன பெண்கள் குடத்தை இறக்கி அதன்மேல் கைவைத்து நின்றார்கள், சிறப்பு வகுப்பில் வாத்தியாரும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மேசையில் தலை சாய்த்தார்கள். பத்து நிமிடம் ஊரில் ஒரு சத்தம் இல்லை. பத்து நிமிடம் கழித்து எல்லாரும் எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். பீடிக்கடையில் ஆயிரத்தைந்நூறு ஆயிரத்தைந்நூறாகவே இருந்தது. அதைக் குறைக்க யாருக்கும் எண்ணம் வரவில்லை.

மறுநாள் தளவாய் நோட்டைக் கொடுத்தபோது ஜே.இ. புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"இவ்வளவுதான் சார் இருந்துது."

பழைய வாக்குமூலத்தைத் திருத்தி எழுதிக் கொடுக்கிறேன் என்றார். பத்து வருடத்துக்கு மேற்பட்ட கோப்புகளை விதிப்படி அழித்துவிட்டோம், திருத்துவதற்கு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. கம்பங்களுக்கு எண் எழுதுகிற வெள்ளைப் பெயிண்டையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு போய், நாற்பத்தேழு என்ற எண்ணுக்குக் கீழே தளவாய் தன் கையால் எழுதினார்: சப்பாணிமுத்து இந்தக் கம்பத்திலிருந்து இறங்கவில்லை. நான் எண்ணவில்லை. தளவாய்.

அன்று மாலை இசக்கியம்மாள் பீடித்தட்டை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு முழம் பிச்சியோடு அங்கே வந்தாள். எழுதியிருந்ததை வாசித்தாள். பூவைக் கம்பத்தடியில் வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். "எறங்கி வாங்க" என்றாள். "சோறு ஆறுது." கொஞ்ச நேரம் நின்றாள், பதில் வருவதற்கு ஆகும் நேரத்தைப் போல, பிறகு பூவைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள்.

தளவாய் ஓய்வு பெற்றுப் போன பிறகும் அவள் வருவது நிற்கவில்லை. ஆனைக்கண்ணூர் முதலில் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தது, பிறகு பழகிக்கொண்டது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அவள் கூப்பிடும் நேரத்தில் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். இப்போது வேலை பார்க்கிற புது லைன்மேன்களுக்குச் சப்பாணிமுத்துவைத் தெரியாது. ஆனால் மாலையில் அவள் அங்கே நிற்கும்போது அந்த லைனில் எல்.சி. எடுத்திருந்தால், அவள் வீடு போய்ச் சேரும் வரை அவர்கள் அதைத் திருப்புவதில்லை. வீடுகளில் விசிறிகள் நின்றுபோய், எப்பம் வரும் என்று ஊர் போன் போட்டு ஏசினால், "பொறுங்க, ஒரு ஆள் இன்னும் எறங்கல" என்கிறார்கள்.